இலங்கையில் கோவா ஓரட்டோரியர் மறைபணி

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கோவாவைச் சேர்ந்த இந்தியக் குருக்கள் தாமாக முன்வந்து இலங்கையில் ஆற்றிய சமயப் பணி இது. 1687இல் புனித யோசப் வாஸ் யாழ்ப்பாணத்தில் கால்வைத்ததோடு தொடங்கி, 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. படையோ, வணிகக் கம்பெனியோ இதன் பின்னால் நிற்கவில்லை. குருக்கள் ஏழை மக்களோடு வாழ்ந்த வாழ்வும், ஊர்ப் பெரியவர்கள் சுமந்த பொறுப்புமே இதைத் தாங்கின. ஆசியக் கிறிஸ்தவ வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

பின்னணி

1505 முதல் இலங்கைக் கரையோரங்களில் காலூன்றிய போர்த்துக்கேயரோடு கத்தோலிக்க சமயமும் பரவியது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் தருவது கடுங்குற்றமானது. கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு மாறின. ஞானஸ்நானமும் திருமணமும் ஒல்லாந்தர் நடத்திய பள்ளிகளின் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன. சொத்துரிமைக்கும் அரசுப் பதவிக்கும் அந்தப் பதிவு வேண்டியிருந்ததால், பலர் வெளியே சீர்திருத்தச் சபையினராகவும் வீட்டுக்குள் கத்தோலிக்கராகவும் வாழ்ந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்களுக்குக் குருக்களே இல்லை.

அதே காலத்தில் கோவாவில் வேறொரு குறை இருந்தது. ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம்மில் சேர்க்கத் தயங்கின. அதனால் இந்தியக் குருக்கள் சிலர் பழைய கோவாவின் அற்புதச் சிலுவைக் கோயிலில் கூடி வாழத் தொடங்கினார்கள். 1685இல் அவர்களோடு சேர்ந்த யோசப் வாஸ், ரோமில் புனித பிலிப்பு நேரி ஏற்படுத்திய ஓரட்டோரிய ஒழுங்கின்படி அந்தக் குழுவை நெறிப்படுத்தினார். ஓரட்டோரியர் வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. விருப்பத்தால் சேர்ந்து, அன்பால் கட்டுண்டு வாழ்வதே அவர்கள் வழி. இலங்கைக்குப் போனவர்களும் அந்த மனத்தோடுதான் போனார்கள்.

வருகை

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனாலிமில் பிறந்தார், தாய்மொழி கொங்கணி. கன்னடக் கரையோரத்தில் பணியாற்றிய பின், 1686இல் ஜோவான் என்ற பணியாளரோடு இலங்கை நோக்கிப் புறப்பட்டார். குருவின் அங்கியைக் களைந்து, கூலியாள் போல இடுப்பில் துண்டு கட்டித் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறினார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது இருவருக்கும் கடுமையான வயிற்றுக்கடுப்பு. ஊர்ப் பெண்கள் கொடுத்த கஞ்சிதான் அவர்களை உயிரோடு வைத்தது என்று சபையின் வரலாறு சொல்கிறது.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அவரை அடையாளம் கண்டுகொண்ட கத்தோலிக்கர் சில்லாலை என்ற ஊரில் தங்கவைத்தார்கள்.

அன்றாட வாழ்வு

இந்தக் குருக்களின் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடந்தது. பொழுது சாய்ந்த பின் ஒரு வீட்டில் கூடுவார்கள். குரு முதலில் பாவசங்கீர்த்தனம் கேட்பார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். சேர்ந்து வாழ்ந்த இணைகளின் திருமணத்தை ஆசீர்வதிப்பார். விடியுமுன் பூசை முடித்து அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். பூசைப் பொருள்கள் ஒரு சிறு மூட்டைக்குள் அடங்கவேண்டும். சோதனையில் சிக்கினால் அதுவே சாட்சி. கைவசமுள்ளது தீர்ந்தால் கோவாவிலிருந்தோ தென்னிந்தியக் கரையிலிருந்தோ தோணியில் மறைத்துக் கொண்டுவரவேண்டும்.

பயணம் கால்நடையாகத்தான். வன்னிக் காடு, புத்தளத்து மணல், கண்டி மலைவழி என்று ஒரே குரு ஆண்டில் பல மாதங்கள் நடந்தார். யானையும் அட்டையும் காய்ச்சலும் கூடவே வந்தன. வீட்டார் கொடுத்த சோறோ கஞ்சியோதான் உணவு. நோயாளி அழைத்தால் மழையிலும் இருட்டிலும் போனார்கள். ஓய்வு கிடைத்தபோது மொழி கற்றார்கள், பிரசங்கம் எழுதினார்கள், கோவாவிலிருந்த சபைத் தலைவருக்குக் கடிதம் அனுப்பினார்கள். இந்த வாழ்வைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அந்தக் கடிதங்களிலிருந்தே வருகிறது. அவற்றைப் பயன்படுத்தி செபஸ்தியான் தோ ரேகோ எழுதிய யோசப் வாஸ் வரலாறு 1745இல் லிஸ்பனில் அச்சானது.

ஆபத்து எப்போதும் பக்கத்தில் இருந்தது. ஒரு கிறிஸ்மஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் சுற்றி வளைத்தார்கள். குரு தப்பினார்; மக்கள் பிடிபட்டார்கள். சிலர் சவுக்கடி பட்டார்கள், சிலர் கடும்வேலைத் தண்டனையில் உயிர்விட்டார்கள். குருக்களின் துணிவைப் போற்றும்போது அவர்களை ஒளித்துவைத்த குடும்பங்களை மறப்பது நியாயமாகாது. பெரிய விலை கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

கண்டி

1690இல் யோசப் வாஸ் கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த புத்தளத்துக்கும், 1692இல் தலைநகருக்கும் சென்றார். போர்த்துக்கேய உளவாளி என்ற புகாரின் பேரில் அங்கே சிறைப்பட்டார். காவல் தளர்ந்தபோது சிறையருகே ஓலைக்குடிசை போட்டுப் பூசை செய்தார், சிங்களமும் கற்றார். 1696இல் கொடிய வறட்சி வந்தபோது அவர் செபத்தால் மழை பெய்ததாகக் கத்தோலிக்க மரபு நம்புகிறது. அதன்பின் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்கு முழு நடமாட்ட உரிமை கொடுத்தார். பௌத்த மன்னர் ஒருவர் கொடுத்த இந்தப் பாதுகாப்பு இல்லாமல் மறைபணி நிலைத்திருக்காது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரர்களே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். யோசப் வாஸும் அவருடைய உறவினரான யோசப் கார்வாலோ அடிகளாரும் குடிசைகள் கட்டி, நோயாளிகளைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். சமயம் பார்த்து யாரையும் ஒதுக்கவில்லை.

மூப்பரும் அண்ணாவியும்

ஒரு சில குருக்கள் ஒரு தீவு முழுவதையும் பார்ப்பது எப்படி? இதற்கு யோசப் வாஸ் கண்ட விடைதான் மறைபணியின் முதுகெலும்பு. ஊர்தோறும் மூப்பர் ஒருவரை நியமித்தார்; கோயிலும் ஊர்ப் பொறுப்பும் அவருடையவை. அண்ணாவி ஞாயிறு செபத்தை நடத்தி, பிள்ளைகளுக்கு மந்திரங்களும் ஞானோபதேசமும் கற்பித்தார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் சவ அடக்கம் நடத்தவும் இவர்கள் பழகியிருந்தார்கள். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் சமூகம் கலையவில்லை.

மொழியும் ஓலையும்

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். தமிழிலும் சிங்களத்திலும் உரைநடை, பாடல், தருக்க நூல், அகராதி என நிறைய எழுதினார். தடைசெய்யப்பட்ட சபைக்கு அச்சுக்கூடம் ஏது? நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போயின. அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இலங்கைத் தமிழ்க் கோயில்களில் இன்றும் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. 1742 ஜூலை 17 அன்று அவர் போலவத்தையில் காலமானார்.

பிற்காலம்

யோசப் வாஸ் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அவரது பணியை ஆதரித்த ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கரின் ஆட்சி 1739இல் முடிந்தது. அடுத்து வந்த மன்னர் காலத்தில் குருக்கள் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், கோயில் அழிந்தது, யோசப் வாஸின் கல்லறை இருந்த இடமும் மறைந்துபோனது. பணி மீண்டும் கரையோரத்திலும் வன்னியிலும் தொடர்ந்தது.

1796இல் கரையோரங்கள் ஆங்கிலேயர் வசமாகி, 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகள் நீங்கின. 1834இல் இலங்கை தனித் திருச்சபைப் பகுதியாக்கப்பட்டது. அதன் தலைமைக்கு முதலில் வந்த ஆயர் விசென்ட் தோ ரொசாரியோவும் கோவா ஓரட்டோரியரே. ஆனால் அந்தக் காலத்திலேயே போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைத்ததால், புதிய குருக்கள் வரும் ஊற்று வற்றியது. 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபையினரும் பிற ஐரோப்பியரும் படிப்படியாகப் பொறுப்பேற்றார்கள்.

யோசப் வாஸுக்கு 1995 ஜனவரி 21 அன்று கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முத்திப்பேறு பட்டமும், 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டமும் வழங்கினார்கள். இன்றைய இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையில் தமிழரும் சிங்களவரும் ஒரே புனிதரைத் தம்மவராகக் கொண்டாடுகிறார்கள். இரு மொழியையும் கற்று, இரு மக்களின் வீட்டிலும் உண்டு, இருவரின் நோயாளிகளையும் தொட்டுப் பராமரித்த ஒரு பணிக்கு வரலாறு செய்திருக்கும் நேர்மையான மரியாதை இதுவே.