இரண்டு பென்னிக் கருத்து

தம் கருத்தை அடக்கத்தோடு அவை முன் வைக்க விரும்பும் ஆங்கிலேயர், அதனைத் தம் ‘இரண்டு பென்னி’ என்பர். அமெரிக்கர் ‘என் இரண்டு செண்ட்’ என்பர். நம் மாணவர் இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘என் இரண்டு காசுகள்’ என எழுதிவிடுவதுண்டு. பொருள் அங்கே காணாமற் போய்விடுகிறது. ‘என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில்’ என்று நம்மவர் கூறும் அவையடக்கத்திற்கு நெருங்கியது அது. நாம் அறிவைச் சிறிதென்கிறோம். அவர்கள் கருத்தின் விலையைச் சிறிதென்கிறார்கள்.

எண்ணத்திற்கு விலை கூறுவது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. சிந்தனையில் ஆழ்ந்திருப்பவரிடம் ‘உன் எண்ணத்திற்கு ஒரு பென்னி’ என்று கேட்கும் தொடர், ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழி நூலிலேயே இடம்பெற்றுள்ளது. கேட்பவர் ஒன்று தர, சொல்பவர் இரண்டு தருகிறார். வாணிகத்தில் பெயர் பெற்றவர்களுக்கு இஃது இழப்பான கணக்கே!

நிற்க, கருத்து உண்மையாகவே இரண்டு பென்னிக்கு விற்கப்பட்ட காலம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. மரபுத்தொடர் அங்கிருந்துதான் பிறந்தது என்று நான் கூற வரவில்லை. எனினும் அவ்வரலாற்றை அறிந்தவர்க்கு அத்தொடரின் அடக்கம் வேறுவிதமாகவே ஒலிக்கும்.

1815இல் செய்தித்தாளின் ஒவ்வொரு படிக்கும் நான்கு பென்னி முத்திரை வரி விதிக்கப்பட்டது. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங்காக இருந்த காலம் அது. வரியின் சுமையால் நாளிதழ் ஒன்றின் விலை ஏழு பென்னியாயிற்று. ஏழை படிக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை, விலை சொல்லிற்று.

உழவர் குடியில் பிறந்த வில்லியம் காபெட், 1802 முதல் ‘பொலிட்டிக்கல் ரெஜிஸ்டர்’ என்னும் வார இதழை நடத்தி வந்தார். படைவீரர்கள் கசையடி பெற்றதைக் கண்டித்து எழுதியமைக்காக 1810இல் ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். அவருடைய இதழின் விலையோ ஒரு ஷில்லிங்கைத் தாண்டியிருந்தது. உழைப்பாளர் காசு சேர்த்து ஒரு படி வாங்கி, மதுக்கடையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். 1816 நவம்பரில் காபெட் ஒரு வழி கண்டார். வரி செய்திக்கே உரியது. ஆகவே செய்தியை முற்றும் நீக்கி, தம் கருத்துக் கட்டுரையை மட்டும் தனித்தாளில் அச்சிட்டு இரண்டு பென்னிக்கு விற்றார். அது பல்லாயிரக்கணக்கில் பரவிற்று. எதிரிகள் அதனை ‘இரண்டு பென்னிக் குப்பை’ என்று இகழ்ந்தனர். காபெட் சினம் கொள்ளவில்லை. பின்னாளில் 1830இல் தொடங்கிய இதழுக்கு அப்பெயரையே சூட்டிக்கொண்டார். இகழ்ச்சியைப் பட்டமாக்கிக்கொள்ளும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

குப்பை என்றவர்கள் அதனைக் குப்பையாகக் கருதவில்லை என்பதற்கு அவர்கள் இயற்றிய சட்டமே சான்று. 1817இல் விசாரணையின்றிச் சிறையிடும் அதிகாரத்தை அரசு பெற்றதும் காபெட் அமெரிக்காவுக்குக் கடல் கடந்தார். 1819 ஆகஸ்டில் மான்செஸ்டரில் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ நிகழ்ச்சிக்குப் பின், அவ்வாண்டின் இறுதியில் ஆறு சட்டங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று, ஆறு பென்னிக்குக் குறைந்த விலையில் அடிக்கடி வெளிவரும் தாள்களில், செய்தியோடு செய்தி பற்றிய கருத்துரையையும் வரிக்குள் இழுத்தது. விலையுயர்ந்த கருத்து அச்சம் தரவில்லை. மலிவான கருத்தே அச்சம் தந்தது.

வரி கட்டாத தாள்கள் அதன் பின்னும் ஓயவில்லை. ஹென்றி ஹெதரிங்டன் 1831இல் தொடங்கிய ‘புவர் மேன்ஸ் கார்டியன்’ ஒரு பென்னிக்கு விற்றது. இத்தகைய தாள்களைத் தெருவில் விற்ற குற்றத்திற்காக நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். அவர்களுட் பலர் எழுதியவரல்லர். பிறர் கருத்தைக் கையிற் சுமந்தவர்களே. 1832இல் காபெட் ஓல்டாம் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றம் புகுந்தார், 1835இல் மறைந்தார். மறு ஆண்டு வரி ஒரு பென்னியாகக் குறைந்தது. 1855இல் கட்டாய முத்திரை வரி நீங்கியது. அவ்வாண்டே தோன்றிய ‘டெய்லி டெலிகிராப்’ முதலில் இரண்டு பென்னிக்கும், சில மாதங்களில் ஒரு பென்னிக்கும் இலண்டன் தெருக்களில் விலைக்கு வந்தது.