கீழ் என்று ஒரு சொல்

காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் கணக்குப் படித்தவன் நான். 10-ன் தலைமேல் சின்னதாக ஓர் எண்ணை எழுதி, "புய்சான்ஸ்" என்பார் எங்கள் வாத்தியார். தமிழில் அடுக்கு. அடுக்கு 3 என்றால் 1,000. அதன் முன் கழித்தல் குறி போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதெல்லாம் வெள்ளைக்காரன் சொத்து என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

திருச்சிக்கு வேலைக்கு வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனேன். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்தது. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, பிறகு "கீழ்", அதற்கும் "கீழ்".

முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. நம்மில் சிலர் வாய்ப்பாடாகப் படித்திருப்போம். "கீழ்" என்று ஒருமுறை வந்தால், அடுத்து வரும் பின்னத்தை 320-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு கீழ் வந்தால் 1,02,400-ஆல். மூன்று வந்தால் 3 கோடியே 27 லட்சத்து 68 ஆயிரத்தால். ஒவ்வொரு கீழும் கழித்தல் அடுக்கில் ஒரு படி!

அப்படி வரும் ஓர் அளவு, வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது 320 × 320 × 320 × 1,600. இன்றைய முறையில் அந்த எண் சுமார் 5.24 பெருக்கல் 10-ன் அடுக்கு 10. வேலியை ஆறரை ஏக்கர் என்று கொண்டால், அந்தத் துண்டு அரை சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு உட்காரக்கூட இடம் போதாது. எந்தக் கோலாலும் அளந்திருக்க முடியாது. வகுத்து வந்த மிச்சத்தை விட்டுவிட மனமில்லாமல் கணக்கர் எழுதியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

அங்கே நின்றபோது ஆபீஸ் நினைவு வந்தது. ஓர் ஏக்கரை மூன்று பங்காக்கி, ஆளுக்கு 33 சென்ட் என்று குறிப்பு எழுதியிருந்தேன். பங்குதாரரான மூதாட்டி கேட்டார்: "மீதி ஒரு சென்ட் எங்கே தம்பி?"

"அது சில்லறை, பெரியம்மா."

"என் வீடே ஒரு சென்ட்லதான் நிக்குது."

வெட்கமாகிவிட்டது. ஆளுக்கு 33 சென்ட், 145 சதுர அடி என்று திருத்தி எழுதினேன். அப்போதும் அரை சதுர அடிக்குச் சற்று மேல் மிஞ்சியது. அதை விட்டுவிட்டேன். சோழர் காலத்துக் கணக்கர் விட்டிருக்க மாட்டார்.