ஒன்னென்

தணியாத வன்மத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். அன்றாட மனத்தாங்கலுக்கு ‘உராமி’ என்பதே போதும். ஒன்னென் அதைவிடக் கனமானது. வரலாற்று நாவல்களிலும் பேய்க்கதைகளிலும் அடிக்கடி தலைகாட்டும். பேருந்தைத் தவறவிட்ட எரிச்சலுக்கு இதைச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார்.

இச்சொல்லில் இரண்டு சீன எழுத்துகள் உள்ளன. முன்னது கசப்பு, பின்னது விடாத நினைப்பு. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘ஸ்மிருதி’க்கு ஆண்டதும் அந்தப் பின்னெழுத்தைத்தான். தியானத்துக்கு உதவும் அதே ஓர்மை இங்கே பகையைக் கறுவக் கறுவ வளர்க்கிறது.

செத்தாலும் இது அடங்காது என்பது பழைய நம்பிக்கை. அப்படி அலையும் ஆவிக்கு ‘ஒன்ரியோ’ என்று பெயர். பெயர்பெற்ற ஒன்ரியோ, அறிஞரும் அமைச்சருமான சுகவாரா நோ மிச்சிசானே. போட்டியாளர்களின் சூழ்ச்சியால் 901இல் கியோட்டோவிலிருந்து தொலைதூர தஸைஃபுவுக்குத் தூக்கியடிக்கப்பட்ட அவர், 903இல் அங்கேயே இறந்தார். அடுத்தடுத்து அரண்மனையில் சாவுகள் விழுந்தன. அஞ்சிய அரசவை 923இல் பறித்த பதவியை இறந்தவருக்கே திருப்பிக் கொடுத்தது. பலனில்லை. 930இல் அரண்மனையின் செய்ரியோதென் மண்டபத்தில் இடி விழுந்து அதிகாரிகள் மாண்டனர். அதே ஆண்டு பேரரசர் தைகோவும் காலமானார். 947இல் கியோட்டோவின் கித்தானோவில் மிச்சிசானேவுக்குக் கோயில் எழுந்தது. நாளடைவில் அவர் கல்விக் கடவுளானார். தேர்வெழுதும் மாணவர்கள் அங்கே வேண்டுதலை மரப்பலகையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள்.

கசப்பைக் குறிக்கும் முதலெழுத்து, ஜப்பான் அரசின் பொதுப்பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 2010இல்தான் இடம்பிடித்தது. தகாஷி ஷிமிசு இயக்கிய ‘ஜூ-ஓன்’ திகில் படத் தலைப்பின் ‘ஓன்’ இதுவே.