வானலைக்கு விலை

நிலத்துக்கு விலை உண்டு. நிலக்கரிக்கும் ஆற்று மணலுக்கும் விலை உண்டு. கண்ணுக்குப் புலனாகாததும், கையாற் பற்ற இயலாததும், எத்துணைப் பயன்படுத்தினும் தேயாததுமாகிய வானலைக்கு விலை வைத்தல் இயலுமா? இயலும் என்றே இன்று பல நாட்டு அரசுகள் கூறுகின்றன. ஆயினும், அவ்விலையை எம்முறையில் முடிவு செய்வது என்னும் கேள்வி நம் நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களையும் அமைச்சகங்களையும் உலுக்கி வந்திருக்கிறது. அந்த வரலாற்றின் இன்றியமையாத ஏடுகள் சில கல்கத்தா நகரில் எழுதப்பெற்றவை. ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழ்கின்ற நமக்கு, வீட்டாரின் குரலைக் கொண்டுவந்து தருவது இந்த அலையே. ஆதலின் அதன் கதையை நாம் அறிந்திருத்தல் நன்று.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவு செய்துகொள்வோம். தேயாத பொருளுக்கு ஏன் பங்கீடு? ஒரே மண்டபத்தில் இருவர் ஒரே நேரத்தில் உரத்துப் பேசினால் இருவர் சொல்லும் விளங்காது. அவ்வாறே ஓரிடத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் செய்தி அனுப்பினால் இரண்டும் குழம்பிவிடும். ஆகவே இன்ன வரிசை கப்பலுக்கு, இன்னது விமானத்துக்கு, இன்னது வானொலிக்கு, இன்னது தொலைபேசிக்கு என்று நாடுகள் கூடி வகுத்துக்கொள்கின்றன. நம் நாட்டில் அப்பணியைச் செய்வதற்கு 1952-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்தித் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு ஒன்று மத்திய அரசில் அமைக்கப்பட்டது. வகுத்தல் அறிவியலைச் சார்ந்தது. வகுத்ததை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்பது அரசியலையும் பொருளியலையும் சார்ந்தது.

அறிவியலின் தொடக்கம் கல்கத்தாவில் பெருமைக்குரியது. 1895-இல் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், அந்நகரின் டவுன் ஹாலில் ஒரு செயல்விளக்கம் நிகழ்த்தினார். அவர் எழுப்பிய மின்னலைகள் சுவரை ஊடுருவிச் சென்று, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. அவை சில மில்லிமீட்டரே நீளமுள்ள நுண்ணலைகள். 2022-ஆம் ஆண்டில் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிக்காக ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. போஸ் தம் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற விரும்பாதவர். நண்பர்கள் வற்புறுத்தியபின், அலை உணர்கருவி ஒன்றுக்கு மட்டும் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிட்டியது. அவர் விலை கூறாது விட்ட துறையில் இன்று இலட்சம் கோடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது.

சட்டத்தின் தொடக்கம் அதனினும் முந்தியது. கல்கத்தா இந்தியாவின் தலைநகராக விளங்கிய காலத்தில், 1885-இல், இந்தியத் தந்திச் சட்டம் இயற்றப்பட்டது. தந்தி அமைத்து நடத்தும் தனியுரிமை அரசுக்கே உரியது என்று அது கூறியது. மின்காந்த அலை உண்டு என்பதை ஹெர்ட்ஸ் சோதனையால் மெய்ப்பித்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. அலை பிறவாத காலத்துச் சட்டமே பின்னாளில் அலையையும் ஆண்டது. 1927 ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்கத்தாவில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையம் தொடங்கியது. 1933-இல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. உரிமமின்றி வானொலிப் பெட்டி வைத்திருத்தலும் குற்றமாயிற்று. எனினும், இந்த அலை யாருடைய சொத்து என்னும் கேள்விக்கு அச்சட்டங்களில் விடை இல்லை.

அவ்விடையைக் கொணர்ந்தது கிரிக்கெட் ஆட்டம் என்றால் வியப்பாக இருக்கலாம். 1993 நவம்பரில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் பந்தயத்தை நடத்தியது. அதன் இறுதியாட்டம் ஈடன் கார்டன்ஸில் நிகழ்ந்தது. ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமையைச் சங்கம் ஓர் அயல்நாட்டு நிறுவனத்துக்கு அளிக்க, தூர்தர்ஷனும் மத்திய அரசும் மறுப்புத் தெரிவித்தன. வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தொடங்கி உச்சநீதிமன்றம் சென்றது. 1995 பிப்ரவரி 9-ஆம் நாள் நீதியரசர்கள் பி. பி. சாவந்த், எஸ். மோகன், பி. பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் தீர்ப்பு வழங்கினர். வானலைகள் பொதுமக்களின் சொத்து. அவற்றை அரசோ தனியாரோ தம் விருப்பம் போல் ஆளுதல் கூடாது. பொது நலனுக்காகப் பொது அமைப்பு ஒன்று அவற்றை நெறிப்படுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசு உரிமையாளர் அன்று, அறங்காவலரே என்னும் கருத்து இதனின்று வலுப்பெற்றது.

அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு அதுவே. நடத்தியது மோடி டெல்ஸ்ட்ரா என்னும் கூட்டு நிறுவனம். இந்நிறுவனங்களுக்கு அலைக்கற்றை எவ்வாறு கிடைத்தது? நான்கு பெருநகரங்களுக்கும் நகருக்கு இரண்டாக எட்டு உரிமங்கள் வழங்கப்பட்டன. தகுதிகளை மதிப்பிட்டுத் தேர்ந்தெடுத்தனரேயன்றி ஏலம் விடவில்லை. அலைக்கற்றைக்கெனத் தனி விலையும் இல்லை. உரிமத்தோடு அது உடன் வந்தது.

பிற வட்டாரங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. நிறுவனங்கள் ஒன்றையொன்று விஞ்சிப் பெருந்தொகை கூறின. கூறியபின் கட்ட இயலாமல் தத்தளித்தன. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான கட்டணத்தை நீக்கி, வருவாயில் ஒரு பங்கு தந்தால் போதும் என்று வழிவிட்டது. 2001-இல் நான்காவது உரிமம் ஏலத்துக்கு வந்தது. நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் விலை சுமார் 1,658 கோடி ரூபாய். ஏழாண்டுகளுக்குப் பின், 2008 ஜனவரியில், அதே விலைக்கு, முதலில் வந்தவர்க்கு முதலில் என்னும் முறையில் 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. இடையில் சந்தை பன்மடங்கு வளர்ந்திருந்தது. 2010-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பல வழிகளில் இழப்பைக் கணித்தார். அவற்றுள் மிகப் பெரிய தொகை சுமார் 1.76 இலட்சம் கோடி. 2012 பிப்ரவரி 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த 122 உரிமங்களையும் நீக்கியது. குற்ற வழக்கில், 2017 டிசம்பரில், சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அதன்மீதான மேல்முறையீட்டைத் தில்லி உயர்நீதிமன்றம் 2024-இல் விசாரணைக்கு ஏற்றது. குற்றம் நிகழ்ந்ததா என்பது ஒரு கேள்வி. பழைய விலைக்குக் கொடுத்தது முறையா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தெளிவுக்கு உதவாது.

ஏலம் என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. 1959-இல் பொருளியலறிஞர் ரொனால்டு கோஸ், அலைவரிசைகளை விலைக்கு விடுவதே நன்று என்று எழுதியபோது பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1990-இல் நியூசிலாந்து துணிந்து செய்தது. வென்றவர் தம் விலையை அன்றி, இரண்டாம் இடத்தாரின் விலையைக் கட்டினால் போதும் என்பது விதி. குறைந்தபட்ச விலையோ குறிக்கப்படவில்லை. ஒரு உரிமத்துக்கு 1,00,000 டாலர் கேட்டவர் வெறும் 6 டாலர் கட்டி எடுத்துச் சென்றார்! 1994-இல் அமெரிக்கா பல சுற்று ஏலத்தை மேற்கொண்டது. அம்முறையை வகுத்தோரில் முதன்மையான பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் இருவரும் 2020-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

அம்முறையை ஒட்டியே 2010-இல் நம் நாட்டில் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலம் விடப்பட்டது. கேட்போர் தொகை இருப்பை மிஞ்சும் வரை, சுற்றுக்குச் சுற்று விலை ஏறும். கேட்பும் இருப்பும் ஒத்தவுடன் நிற்கும். 34 நாட்கள், 183 சுற்றுகள். அரசுக்குக் கிடைத்தது சுமார் 67,719 கோடி. ஒரு தொகுதிக்குத் தமிழ்நாட்டு வட்டத்தில் சுமார் 1,465 கோடி. கொல்கத்தா நகர வட்டத்தில் சுமார் 544 கோடி. மேற்கு வங்கத்தின் ஏனைய பகுதிக்குச் சுமார் 124 கோடி. அலை ஒன்றே, அளவும் ஒன்றே. விலையை வேறாக்கியது நிலத்தில் வாழ்வோரின் வாங்கும் வலிமை.

ஏலத்திலும் ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய ஏர்செல், 2010 ஏலத்தில் தமிழ்நாட்டிலும் கொல்கத்தாவிலும் வென்ற நிறுவனங்களுள் ஒன்று. 2018-இல் அது கடன் சுமையாலும் கடும் போட்டியாலும் நொடித்தது. தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோரின் செல்பேசிகள் திடீரென வாயடைத்தன. 2016-இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி என்று அடிப்படை விலை குறித்தனர், வாங்குவார் எவருமில்லை. விலைபோகாத நிலக்கரி மண்ணில் கிடந்து நாளைக்கு உதவும். விலைபோகாத அலையோ அவ்வாறன்று; பயன்படாமற் கழிந்த நாள் மீளாது.

நம் செல்பேசிச் செலவைக் குறைத்தது எது? 2003 மே முதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கியது. 2006 மார்ச் முதல் அரசு நிறுவனங்கள் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடம் ஒரு ரூபாய் என்னும் கட்டணத்தை நடைமுறைப்படுத்தின. கொல்கத்தாவிலிருந்து கும்பகோணத்துக்குப் பேசுவது எளிதாயிற்று. இவற்றைச் செய்தவை நல்ல நெறிமுறையும், பல நிறுவனங்களின் போட்டியும். அலைக்கற்றையின் விலை மிகக் குறைந்தால் பொதுச்சொத்து சிலர் கைக்குப் போகும். மிக உயர்ந்தால் நிறுவனங்கள் வீழ்ந்து போட்டி மடியும். போட்டி மடிந்தபின் அழைப்புக்கு விலை கூறுவோர் ஓரிருவரே.

2023-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம், 1885, 1933 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்கு மாற்றாக வந்தது. அலைக்கற்றையை ஏலத்தின் வழியே வழங்குவது பொது விதி; பாதுகாப்பு, பேரிடர் உதவி, செயற்கைக்கோள் வழிச் சேவை முதலிய சிலவற்றுக்கு நேரடி ஒதுக்கீடு என்பது அதன் ஏற்பாடு. ஏலமே ஒரே வழியன்று என்று உச்சநீதிமன்றமும் 2012 செப்டம்பரில் கருத்துரைத்திருந்தது. எனவே, இனி எந்த ஒதுக்கீட்டையும் இரு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். கொடுத்த முறையை அரசு எல்லோரும் அறிய வெளியிட்டதா? கொடுத்தபின் நமக்குத் தேர்ந்தெடுக்கப் பல நிறுவனங்கள் எஞ்சினவா? ஈடன் கார்டன்ஸ் வழக்கு, அலை மக்களுடையது என்று நிலைநாட்டியது. உடைமையாளர் கணக்குக் கேட்பது முறையே ஆகும்.