ஒரு சின்னக் கணினிக்காக மறுபடி தொகுக்கப்பட்ட 35,000 பொதிகள்



போன மாதம் நம் அரங்கிற்கு வந்த மாணவர் ஒருவர் 'ராஸ்பெரி பை ஸீரோ' என்ற சின்னக் கணினியைக் காட்டினார். தம் மடிக்கணினியில் தொகுத்த நிரலை அதில் ஓட்டினால், 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறதாம். "சட்டவிரோதமாக நான் என்னக்கா செய்தேன்?" என்று கேட்டார். நான் கணினி படித்தவள் அல்ல, மக்கள் தொடர்புத்துறை டிப்ளோமாக்காரி. விசாரித்துப் பார்த்தால், அந்த ஒரு வரிக்குப் பின்னே 2012ஆம் ஆண்டின் வரலாறு இருக்கிறது.

எங்கள் துறையில் பழைய வீடியோ நாடா தெரியும் அல்லவா? அமெரிக்க 'என்.டி.எஸ்.சி.' நாடா நம்மூர் 'பால்' இயந்திரத்தில் அழகாக நுழையும். படம்தான் ஒழுங்காக வராது. 'ஆர்ம்' வகைச் சில்லுகளின் கதையும் அதுவே. பெயர் ஒன்று, தலைமுறைகள் பல.

2012 பிப்ரவரி 29ஆம் தேதி 35 அமெரிக்க டாலர் விலையில் ராஸ்பெரி பை வெளிவந்தது. அதன் சில்லு ஆர்ம் 6ஆம் தலைமுறை. பழையதுதான், ஆனால் தசம எண்களைக் கணக்கிடத் தனிப்பகுதி அதில் உண்டு. டெபியன் இயங்குதளத்தில் அப்போது இரண்டு பதிப்புகள் இருந்தன. 'ஆர்மெல்' மிகப் பழைய சில்லுகளையும் கருத்தில் கொண்டதால் அந்தத் தனிப்பகுதியைத் தொடுவதே இல்லை. தயாராகிக்கொண்டிருந்த 'ஆர்ம்எச்எஃப்' அதைப் பயன்படுத்தும், ஆனால் 7ஆம் தலைமுறைச் சில்லு வேண்டும். பை இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

இரண்டையும் கலந்து கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஒன்று தசம எண்ணைச் சாதாரணப் பதிவகத்தில் வைத்துக் கொடுக்கிறது. மற்றொன்று தனிப்பகுதியின் பதிவகத்தில் வைக்கிறது. கொடுப்பவர் மேசையில் வைக்க, வாங்குபவர் அலமாரியில் தேடுவது போல! துண்டுகளை ஒட்டும் 'லிங்கர்' இதைக் கண்டுபிடித்து ஒட்ட மறுத்துவிடும். மறுப்பது நல்லதுதான். ஒட்டிவிட்டால் விடைகள் தப்பாக வரும், காரணமும் தெரியாது.

மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இரு தன்னார்வலர்கள் துணிந்து இறங்கினார்கள். ராஸ்பெரி பை அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் அல்லர். 6ஆம் தலைமுறைக்கு ஏற்பத் தொகுப்பியின் இயல்பான தெரிவையே மாற்றி, டெபியனை மீண்டும் தொகுத்தார்கள். 2012 ஜூனில் 35,000க்கும் மேற்பட்ட பொதிகள் முடிந்தன. அதுதான் 'ராஸ்பியன்'.

இதில் ஒரு வேடிக்கை. தொகுக்கப் பயன்பட்ட ஐ.எம்.எக்ஸ்.53 பலகைகள் 7ஆம் தலைமுறை. ஏதாவது ஒரு பொதி தன் சொந்தத் தெரிவால் 7ஆம் தலைமுறைக் கட்டளையைப் புகுத்திவிட்டாலும், அந்தப் பலகையில் சோதனை செய்தால் ஒழுங்காகவே ஓடும். பையில் போட்டால்தான் விழும். ஆகவே, ஓடுகிறது என்பதை நம்பாமல், உள்ளே என்ன கட்டளை இருக்கிறது என்றே பார்க்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் அந்த 35,000 என்ற எண்ணைவிட இந்தப் பொறுமைதான் பெரிது.

2015இல் வந்த 'பை 2' 7ஆம் தலைமுறைக்கு மாறியது. ஆனாலும் ராஸ்பியன் பழைய தலைமுறையைக் கைவிடவில்லை. அதே ஆண்டு 5 டாலருக்கு வந்த 'பை ஸீரோ' பழைய சில்லையே சுமந்து வந்தது. ராஸ்பியனுக்கு 2020இல் பெயர் மட்டும் ராஸ்பெரி பை ஓ.எஸ். என்று மாறிற்று.

நம் மாணவரிடம் வருவோம். அவருடைய மடிக்கணினியில் இருந்த தொகுப்பி 7ஆம் தலைமுறைக்கானது. '6' என்று தெரிவு கொடுத்தும் பலனில்லை. அவர் எழுதிய வரிகள் மட்டும் 6 ஆயின. நிரலைத் தொடங்கி வைக்கும் சிறு துண்டை லிங்கர் வழக்கமான இடத்திலிருந்து எடுத்து ஒட்டியது, அது 7. அவர் எழுதிய முதல் வரிக்கு முன்பே நிரல் விழுந்துவிட்டது.

கடைசியில் பை ஸீரோவிலேயே தொகுத்தார். தே தாரேக் குடித்துவிட்டு வரும் நேரம் பிடித்ததாம். நிரல் ஓடியது.