தமிழ்த் தரவுத்தளங்களும் குறியேற்றச் சிக்கலும்

தமிழ்ப் பெயர்கள் அடங்கிய தரவுத்தளத்தை, அதை இயக்கும் மென்பொருளோடு சேர்த்து வேறொருவர் கணினிக்குக் கொடுப்பது 1990களில் எளிதாக இருக்கவில்லை. மென்பொருள் இயங்கும், கூட்டுத்தொகையும் சரியாக வரும், பெயர்கள் மட்டும் படிக்க இயலாத குறிகளாக நிற்கும்.

ஆங்கிலத் தரவுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெய்ன் ராட்லிஃப் உருவாக்கிய டிபேஸ் 1980களில் பரவியது. பின்னர் வந்த கிளிப்பர் மொழிமாற்றியால், டிபேஸ் இல்லாத கணினியிலும் நிரலை ஓட்ட முடிந்தது. நிரல் கோப்பும் தரவுக் கோப்பும் ஒரு நெகிழ்வட்டில் சென்றால் போதும்.

தரவுக் கோப்பு எழுத்தைச் சேமிப்பதில்லை, அதற்குரிய எண்ணையே சேமிக்கிறது. எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்பதை அக்காலத்தில் எழுத்துருவே முடிவு செய்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு அது மாறியது. பாமினியில் தட்டிய 'அம்மா', அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். ஆகவே எழுத்துருவையும் உடன் அனுப்ப வேண்டியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. விசைப்பலகை நிலைத்தது. குறியேற்றங்களோ, ஏற்கெனவே இருந்த பலவற்றோடு மேலும் இரண்டாயின.

ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்த பிறகே பொதுப் பயன்பாட்டை எட்டியது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், அதனுடன் தமிழிணைய மாநாடும் நடைபெற்றன. அதையொட்டி அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அது இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்ற 16 பிட் குறியேற்றத்தையும் அறிவித்தது. டேஸ்16க்கு ஒரு நியாயம் உண்டு. ஒருங்குறி அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வருகிறது. 'ழ', 'வ'வுக்கு முன் நிற்கிறது. எண் வரிசைப்படி அடுக்கினால் வருகைப் பதிவேடு அகரவரிசை தவறும். டேஸ்16 அவ்வரிசையைக் காத்தது. ஆனால் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால் தனி எழுத்துரு கேட்டது. பழைய தொல்லை வேறு வழியில் திரும்பியது.

பழைய கோப்புகளை மாற்றிகளால் இன்றும் மீட்கலாம், மூல எண்கள் அழியாமல் இருப்பதால். ஒருங்குறித் தரவை மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளத்தில் லத்தீன் குறியேற்றப் புலத்தில் இட்டால் நிலைமை வேறு. ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படக்கூடும்; அப்படி நேர்ந்தால் அந்தப் பெயரை எந்த மாற்றியாலும் திரும்பப் பெற இயலாது.