மாற்கு நற்செய்தியில் தேவனுடைய ராஜ்யம்: கரிசல் நிலத்திலிருந்து ஒரு நோக்கு

கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையேயுள்ள இடைசெவல் முதலிய கரிசற்காட்டு ஊர்களுக்கு ‘ராஜ்யம்’ புதிய சொல்லன்று. பாளையக்காரர், கும்பெனியார், ஜமீன்தார் என ஆள்வோர் மாறினர். உழுதவன் தீர்வை செலுத்துவது மாறவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் ஓர் அதிகாரம் மற்றோர் அதிகாரத்தை அகற்றிய நிகழ்ச்சியே. இம்மண்ணில் தேவனுடைய ராஜ்யத்தை நாம் பிரசங்கிக்கையில், கேட்போர் எதனை உணர்ந்துகொள்ளுகின்றனர்?

அதே 1799 ஆம் ஆண்டில், நெல்லைச் சீமையின் தென்பகுதியில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், துன்புறுத்தப்பட்ட புதிய விசுவாசிகளுக்காக முதலூரை நிறுவினார். பின்னர் ரேனியஸ் ஐயர், அத்தகையோருக்கு நிலமும் வீடும் வாங்கித் தரும் நோக்குடன் 1830 இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். இவ்வூர்கள் எளியோருக்கு அடைக்கலமாயின. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆயினும், அடைக்கல ஊரையே ராஜ்யமாகக் கருதும் சோதனையும் திருச்சபைக்கு உண்டு. அப்போது ராஜ்யத்திற்கு எல்லைக்கல் நாட்டப்படுகிறது. உள்ளிருப்போர் உரிமையாளராகவும், வெளியிலிருப்போர் அந்நியராகவும் எண்ணப்படுகின்றனர்.

மூலமொழியிலுள்ள ‘பசிலேயா’ என்னும் சொல் ஆளப்படும் நாட்டைக் குறிக்கலாம். ஆளும் செயலையும் குறிக்கலாம். மாற்குவில் இரண்டாவது பொருளே மேலோங்கி நிற்கிறது. 1871 இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் ‘தேவனுடைய ராஜ்யம்’ என்று பெயர்த்தது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் ‘இறையாட்சி’ என்கிறது. முன்னது இடத்தையும் பின்னது செயலையும் நினைப்பூட்டுகின்றன.

அச்செயலின் தன்மை யாது? கலிலேயாவை கி.மு. 4 முதல் கி.பி. 39 வரை ஆண்டவன் ஏரோது அந்திப்பா. அவனுடைய பிறந்தநாள் விருந்தில் யோவானின் தலை தட்டில் வைக்கப்பட்டதைக் கூறிய மாற்கு, அதே ஆறாம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் பசித்தோர் அப்பம் பெற்றதையும் கூறுகிறார். ஓர் ஆளுகை உயிரை எடுக்கிறது. மற்றொன்று உயிரைக் காக்கிறது. பத்தாம் அதிகாரத்திலோ, அதிகாரிகளைப்போல் இறுமாந்து ஆளுதல் சீஷருக்குத் தகாதென்று ஆண்டவர் விலக்குகிறார்.

இவ்வாளுகை வளரும் விதத்தை 4:26-29 இலுள்ள உவமை காட்டுகிறது. இது மாற்குவில் மட்டுமே காணப்படுகிறது. கரிசல் விவசாயிக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அவன் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த நிலத்தில் மானாவாரியாக விதைக்கிறான். மழையை அவன் உண்டாக்க இயலாது, ஆயினும் விதைக்காமலிருப்பதில்லை. நிலம் ‘தானாய்’ விளைவிக்கிறது என்னுமிடத்தில் வரும் கிரேக்கச் சொல், செப்துவஜிந்து மொழிபெயர்ப்பில், லேவியராகமம் 25 இல், நிலத்தின் ஓய்வாண்டில் தானாய் விளைவதையும் குறிக்கிறது. அவ்விளைச்சல் நிலவுடைமையாளனுக்கு மட்டுமன்று, வேலைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் அந்நியனுக்கும் ஆகாரம். இத்தொடர்பை நோக்கின், தேவனுடைய விளைச்சலை எவரும் தம் சொத்தாக உரிமை பாராட்ட இயலாது என்பது விளங்கும்.

ஆகவே, திருச்சபை ராஜ்யத்தின் உரிமையாளர் அல்ல. விதைக்க அனுப்பப்பட்ட வேலையாள். சபையின் நிலத்தையும் கட்டடத்தையும் அங்கத்தினர் தொகையையும் கொண்டு ராஜ்யத்தை அளத்தல் மாற்குவின் அளவுகோல் அன்று. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரும், நிலமற்ற கூலியாளரும் நம் ஊர்களில் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதைக்கொண்டே, அங்கே யாருடைய ஆளுகை நடைபெறுகிறது என்பதை நாம் ஆராயவேண்டும். இந்த ஆராய்ச்சி நம் சபை வரலாற்றை எழுதும்போதும், பிரசங்க பீடத்தில் நிற்கும்போதும் நம்மிடம் கேட்கப்படுகிறது.